சல்பா கட்டிய சிவப்பு நாடா

சல்வசியோன் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை ஊரில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. சல்பா, அவ்வளவுதான். சிபுயான் தீவின் மலையடிவாரத்தில் பிறந்து, இளவயதில் வெட்டுக்கத்தியும் கையுமாகத் திரிந்தவள். மரப்பெரணியின் கறுத்த தண்டை அறுத்துக் கப்பலேற்றினால் பட்டணத்தில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். மலையின் இந்தப் பக்கத்தை மொட்டையடித்த புண்ணியத்தில் அவளுக்கும் பங்குண்டு. பிறகு அதைக் காப்புக்காடு என்று அறிவித்துக் காவலுக்கு ஆள் தேடியபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

"வெட்டினவளுக்கே காவல் உத்தியோகமா?"

"வெட்டின கைக்குத்தான்டா தெரியும், எவன் எங்க வெட்டுவான்னு" என்றாள் சல்பா. சொன்னபடியே, முதல் மாதத்தில் பிடுங்கியது சொந்தத் தம்பியின் கத்தியை.

போன வருஷம் மணிலாவிலிருந்து மூன்று பேர் பெரணி கணக்கெடுக்க வந்தார்கள். கறிக்கு ஆகும் பாக்கோப் பெரணியைத் தவிர மற்றதெல்லாம் புல் என்று நினைக்கும் ஊர் இது. புல்லை எண்ண மூன்று பேரா என்று அதற்கும் சிரித்தது. அருவிக்குப் பக்கத்துப் பாறையில் சாண் உயரத்துக்கு ஒரு பெரணித் தூர் நின்றது. இலையைச் சாய்த்துப் பார்த்தால் மீன் செதிலைப் போல நீலம் மினுங்கும். வந்தவர்கள் மலை முழுக்க அலைந்தும் அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. "இத இதுக்கு முன்ன யாரும் எங்கயும் பாத்ததில்லக்கா. இந்த ஒரு தூர் போச்சுன்னா போச்சு, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் படகேறினார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றோடு சல்பாவின் தூக்கம் போனது. மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்தாள். ஆடு கத்தினால் விளக்கை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடினாள்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ஊரில் ஒரு செடியிலோ வாழைத்தாரிலோ சிவப்பு நாடா கட்டியிருந்தால், அது ஊர்ப் புனிதை சாந்தா எலெனாவுக்கு நேர்ந்துகொண்டது என்று அர்த்தம். களவாணிப் பயலும் சுற்றிக்கொண்டு போவான். சல்பா பாறைமேல் ஏறி அந்தத் தூரில் நாடாவைக் கட்டினாள். நேரவும் இல்லை, வேண்டவும் இல்லை, சும்மா கட்டினாள். புனிதையை ஏமாற்றிய உறுத்தல் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு வருஷமாக ஒரு கையும் அதன்மேல் படவில்லை.

இந்த மே மாதம் சிலுவைப் பவனிக்கு அவள்தான் ஹெர்மனா. விழாவை எடுத்து நடத்துகிறவளுக்கு அந்தப் பேர். சப்பரம் அலங்கரிக்க மட்டும் காட்டில் இலை பறிக்க அனுமதி உண்டு. அந்த வேலையை, அக்கா என்ற முறையில் தன்னை 'மனாங்' என்று கூப்பிடும் தம்பி பெண்டாட்டி பிலாங்கிடம் விட்டிருந்தாள்.

பவனி கிளம்பியது. மெழுகுவர்த்தியோடு சப்பரத்துக்குப் பின்னால் நடந்த சல்பா நிமிர்ந்து பார்த்தாள். சாந்தா எலெனாவின் காலடியில் கொத்துக் கொத்தாக நீலம் மினுங்கியது.

அப்போதே மலைக்கு ஓடவும் வழியில்லை. ஹெர்மனா பாதியில் விலகக் கூடாது. ஊரைச் சுற்றி வந்தேயாக வேண்டும். ஜெபமாலை உருண்டதே தவிர, வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை. கோயில் வாசலில் பிலாங்கின் கையைப் பிடித்தாள்.

"இந்த இலைய எங்கடி பறிச்ச?"

"அருவிகிட்டதான் மனாங். நீங்க நாடா கட்டி வெச்சிருந்தீங்களே, அங்க. அம்சமா இருக்குல்ல?" என்று சொல்லிக்கொண்டே பிலாங் விருந்துக்குப் பான்சித் நூடுல்ஸ் பரிமாற ஓடிவிட்டாள்.

அதற்குமேல் கேட்க சல்பாவுக்குத் தைரியமில்லை. தப்பு யாருடையது? நாடா கட்டியவள் அவள், ஹெர்மனா அவள். நேர்ந்ததைச் செலுத்தும் வருஷம் இதுதான் என்று பிலாங் நினைத்ததில் என்ன குற்றம்? காடெல்லாம் வெட்டியபோது வராத அழுகை, ஒரு சாண் செடிக்காக வந்தது.

விடிந்தும் விடியாமல் தனியாக மலையேறினாள். பாறைக்குக் கீழே நின்று, பார்க்கவே பயந்து, கடைசியில் தலையைத் தூக்கினாள். நாடா இருந்தது. தூரும் இருந்தது. ஓர் இலைகூடக் குறையவில்லை. நடுவில் புதுக் குருத்து ஒன்று சுருண்டு நின்றது. சல்பா ஓடைத் தண்ணீரிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மனாங்! வீட்ல விருந்தாளிங்கள விட்டுட்டு இங்க என்ன குளியல்?" மூச்சிரைக்க வந்து நின்றாள் பிலாங்.

"நீ... இத வெட்டலையாடி?"

"நல்லா இருக்கே! நேந்தவங்க கையாலதான வெட்டணும்? நான் தொட்டா என் கை அழுகிடாதா? நீங்க மறந்துட்டீங்கன்னுதான் அதே மாதிரி வேற பறிச்சேன்."

"வேறயா? வேற எங்கடி இருக்கு?"

"அருவிக்குப் பின்னால. முதுகு நனைஞ்சா சளி பிடிக்கும்னு யாரும் அங்க நுழையறதில்ல. நான் என்ன சர்க்கரைக் கட்டியா, கரைஞ்சு போக?"

பிலாங் அவளைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்த் திரைக்குள் நுழைந்தாள். உள்ளே ஈரச் சுவர் முழுக்க, கைக்கு எட்டும் உயரத்திலும் எட்டாத உயரத்திலும், அதே பெரணி. பிலாங் கிள்ளிய இடங்களில்கூட முற்றிய இலைதான் போயிருந்தது, குருத்தெல்லாம் அப்படியே.

"அடிப்பாவி மகளே!" என்று சல்பா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "ஒரு வருஷமா என் உயிர் என்கிட்ட இல்லடி. ஒண்ணே ஒண்ணுதான்னு நெனச்சு நெனச்சு..."

"அப்ப அந்த நேர்ச்சை?"

"நேர்ச்சையும் இல்ல, மண்ணும் இல்ல. பொய்யா கட்டினேன்."

பிலாங் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எப்படியும் அடுத்த வருஷம் ஒரு பன்றி நேர்ந்துக்குங்க, சரியாப் போகும்" என்றவள் திரும்பிப் பார்த்தாள்.

ஈரப் பாறையில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து, காவல்காரி அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் காத்திருக்கட்டும் என்று பிலாங் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.