ஏரியிலிருந்து இழுத்த கட்டுகள்

ஊறிய கற்றாழைக் கட்டொன்றை இரு கைகளாலும் இழுத்துக்கொண்டு என் அண்ணி ஏரிக்குள்ளிருந்து கரையேறி வந்ததை நினைத்தால், இன்றும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. அவர்மேல் அல்ல, கரையில் நின்று வேடிக்கை பார்த்த எங்கள்மேல்.

அறுபதுகளின் கடைசியில், மழை பொய்த்த ஓர் ஆண்டு அது. பொம்மிடிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் ஏரியில், மதகடியில் மட்டும் கொஞ்சம் நீர் மிஞ்சியிருந்தது. ஊரே அதைத்தான் குடித்தது. கயிறு திரிக்க நார் வேண்டுமென்று, கற்றாழை மடல்களைக் கட்டுக்கட்டாக அதிலேயே அழுகப் போட்டார்கள். முதலில் மீன்கள் செத்து மிதந்தன. பிறகு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. "தப்புத்தான்" என்று தலையாட்டாதவர் ஊரில் இல்லை. தன் கட்டை வெளியே எடுத்தவரும் இல்லை. அவற்றில் பாதி என் அண்ணனுடையவை.

ஒரு மதியம் அண்ணி அந்தத் தண்ணீரிலேயே களி கிண்டி அண்ணன் முன் வைத்தார். அறையெல்லாம் நாற்றம்.

"ஏரித் தண்ணிதானுங்க. ஊருக்கு ஆவறது நமக்கும் ஆவட்டும்."

அண்ணன் முழு உருண்டையையும் விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு வை" என்றார். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

பள்ளி ஆசிரியரான நான், அண்ணி சொல்லச் சொல்ல, இதைத் தடுக்கக் கேட்டுத் தாசில்தாருக்கு மூன்று மனுக்கள் எழுதினேன். ஏரியின் சர்வே எண் என்னவென்று கேட்டுப் பதில் வந்தது. அனுப்பினோம். மறுபடியும் அதையே கேட்டார்கள்.

அதன்பிறகுதான் அண்ணி நீரில் இறங்கினார். காலையில் அவர் இழுத்துப் போட்ட கட்டுகளை மாலையில் அண்ணன் திரும்ப உள்ளே தள்ளினார். அழுகல் நீர் பட்டு அண்ணியின் கைகள் முழங்கைவரை தடித்துச் சிவந்தன. நானோ, "உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வம்பு?" என்று கேட்டேன். அதை நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

எங்கள் நிலத்துக் கிணற்று நீர் உப்பு. குடிக்க உதவாது, நார் ஊற அது போதும். ஒருநாள் அண்ணி மண்வெட்டியோடு போய் அந்தக் கிணற்றோரம் கட்டுகளை ஊறப்போடக் குழி வெட்டத் தொடங்கினார். மூன்று நாள் அண்ணன் வரப்பில் நின்று முறைத்தார். நான்காம் நாள், "குழி வெட்ற லட்சணமா இது?" என்று கத்திக்கொண்டே மண்வெட்டியைப் பிடுங்கித் தானே வெட்டலானார்.

நான் புது மனு ஒன்றோடு அங்கே போய் நின்றேன். அண்ணி அதை வாங்கவே இல்லை.

"எழுதினது போதும் தம்பி. இந்தக் கூடையைப் புடிங்க."