போகிக்குத் தப்பிய அலமாரி

பத்தாவது வரை படித்தவன் ஒரு நாவலைப் பற்றி எழுத வருவது கொஞ்சம் அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குக் கூச்சம். தாள் என்றால் நம்மைத் திரும்பிப் பார்க்காது.

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கும் வேலை எனக்கு. கிரிவலம் வருகிறவர்கள் அறையில் விட்டுப்போகும் குடை, செருப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் தேடிப் போன் வரும். புத்தகத்தைத் தேடி மட்டும் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அதெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடும். அலமாரி நிறைந்து, அரிசி டிரம் மேலும் புத்தகங்கள் ஏறியதும் என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"இந்தப் போகிக்கு மொத்தத்தையும் கொளுத்திடப் போறேன். வீட்ல பழசு ஜாஸ்தியானா மூதேவிதான் வந்து குந்துவா."

அந்த வாரம் என்னிடம் வந்திருந்த நாவலோ, புத்தகம் வைத்திருந்தால் அரசாங்கமே வீடு தேடி வந்து எரித்துவிடும் ஒரு நாட்டைப் பற்றியது. மனைவியை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் சாப்பிடும்போது அந்தக் கதையைத் தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டேன். எரிக்கிற அதிகாரியின் கொடுமையைக் கேட்டு அவளுக்கே வெட்கம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவளுக்கு அவனைத்தான் பிடித்துப்போயிற்று.

"கவர்மென்ட் வேல. நேரத்துக்குப் போறான், வர்றான். நல்ல ஆளுங்க."

"புஸ்தகத்த எரிக்கிறான்."

"ஊர சுத்தமா வெச்சிருக்கான்னு சொல்லுங்க."

நெருப்பு அந்தக் கதையில் அக்கிரமத்துக்கு அடையாளம் என்று விளக்கினேன். அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நெருப்பு கெட்டதா? எழுதினவன் நம்மூரு தீபத்த பாத்ததில்ல போல." சாம்பல் அழிவுக்கு அடையாளம் என்றேன். நெற்றியிலிருந்த விபூதியைத் தொட்டுக் காட்டினாள். அதோடு அடையாளங்களை நான் கைவிட்டேன்.

கைகொடுத்தது அதிகாரியின் மனைவி. தினமும் அவன் சட்டையிலிருந்து கரியைத் துவைத்து எடுப்பவள். ஒருநாள் சட்டைப் பையில் பாதி எரிந்த பக்கம் ஒன்று கிடைக்கிறது. அதைப் பருப்பு டப்பாவில் ஒளித்துவைக்கிறாள்.

"அப்புறம்?" என்றாள் என் மனைவி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "அவனுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"நாளைக்குச் சொல்றேன்."

அப்படியே போகி வரை இழுத்தேன். உண்மையில் முடிவு எனக்கே தெரியாது. அந்தப் புத்தகத்தை விட்டுப்போன புண்ணியவான் கடைசிப் பக்கங்களைக் கிழித்து எதற்கோ பயன்படுத்தியிருந்தார்.

போகியன்று விடிகாலையில் பழைய பாயும் முறமும் வாசலில் எரிந்துகொண்டிருந்தன. அவள் புத்தகக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சொல்லுங்க. மாட்டினாளா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதிகாரி டப்பாவைத் திறந்தான், அந்தப் பக்கத்தைப் படித்தான், அழுதான், வேலையை விட்டுவிட்டு மனைவி காலில் விழுந்தான்.

"பொய். கவர்மென்ட் வேலைய எவனாவது விடுவானா? அதுல கடைசிப் பக்கமே இல்ல. நேத்தே எடுத்துப் பாத்துட்டேன்."

புத்தகக் கட்டை என் கையில் திணித்தாள்.

"முழுசா இருக்கிற புஸ்தகமா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அவ கதி இன்னான்னு தெரியாம நான் இதுல ஒண்ணயும் கொளுத்த மாட்டேன்."

ஆனால் சும்மா விடவும் மனம் வரவில்லை போலும். உள்ளே போய், நான் உட்கார்ந்து படிக்கும் பிரம்பு நாற்காலியைத் தூக்கிவந்து நெருப்பில் போட்டாள்.

மறுநாள் பொங்கல். புத்தகக் கடை திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து படித்தேன்.