எதிரியிடம் திட்டத்தைச் சொல்லும் வில்லன்

2012இல் பெரியவர்களுக்கான ஒரு கார்ட்டூன் தொடரை விடாமல் பார்த்துவந்தேன். உலகை அழிக்கத் துடிக்கும் வில்லன்களைப் பற்றிய நகைச்சுவை அது. கட்டிப்போட்ட நாயகனிடம் வில்லன் தன் திட்டம் முழுவதையும் சொல்லிவிட்டு, அதனாலேயே தோற்பான். ஏன்தான் சொல்கிறானோ என்று தேதிபோட்டுக் குறிப்பெழுதினேன். விடை பிடிபடவில்லை.

அப்போது பனமலைப் பக்கம் ஆசிரியராக இருந்தேன். வீடு திண்டிவனத்தில். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெறும் நாளைக் கணக்கிட்டு, ஓரிடம் காலியாவதை எல்லோருக்கும் முன்பே கண்டுபிடித்திருந்தேன். விழுப்புரத்தில் நடக்கும் இடமாறுதல் கலந்தாய்வில் பணிமூப்புப்படிதான் இடம் கொடுப்பார்கள். என்னோடு தினமும் திண்டிவனத்திலிருந்து வந்துபோன சக ஆசிரியர் பணியில் எனக்குப் பதினோரு நாள் மூத்தவர். இடமே இல்லையென்று நினைத்து அவர் மனுப் போடாமல் இருந்தார்.

மனுவுக்குக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை, பஸ்ஸில் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன்.

"செம மூளை சார் உங்களுக்கு! என்கிட்டயே சொல்லிக்கினு வர்றீங்களே, நானும் மனு போட்டா?"

"போட மாட்டீங்க."

"ஏன் சார், தினம் இந்த பஸ்ஸுல தொங்கிக்கினு வர்றது எனக்கு மட்டும் பேஜாரு இல்லியா?"

போட்டார். திண்டிவனம் அவருக்கே கிடைத்தது.

கலந்தாய்வு முடிந்ததும், "கோச்சிக்காதீங்க சார்" என்று தயங்கிக்கொண்டே வந்தார். கோபத்தைவிட எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. அன்று சொல்லும்போது என் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "இத்தன வருசத்துல உங்கள அவ்ளோ சந்தோசமா நான் பாத்ததே இல்ல சார்."