பாஸ் வரிசைக்கு ஊன்றிய பூவரசு

ஒரு அரிசி ஆலை. இரண்டு லொறி. ஒரே வளவில், இடிந்து இரண்டு தரம் கட்டிய ஒரே வீடு. எல்லாம், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கடையில் மூட்டை தூக்கித் தொடங்கிய நான் கட்டியவை. வவுனியாவில் இது எல்லோருக்கும் தெரியும். நானே இந்தப் பத்தியில் பல தரம் சொல்லியிருக்கிறேன்! ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. கரண்ட் போனால் கொம்பியூட்டர் நின்றுவிடுமே... ஜெனரேட்டர் யாருடையது? என்னுடையதுதான். அதனால் முன்வரிசைக் கதிரை எனக்கு.

புவியியல் டீச்சர் நகரத்தின் வரைபடத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றியிருந்தார். பிள்ளைகள் சைக்கிளில் சுற்றி, மரமும் நிழலும் உள்ள இடங்களைக் குறித்து வந்து அதன்மேல் வரைந்திருந்தார்கள். எல்லோரும் போய் இருக்கக்கூடிய இடம் பச்சை. தனியார் வளவும் வேலியும் சாம்பல். மௌஸைத் தட்டினால் பெயர் வருகிறது. அச்செடுத்த பிரதி ஒன்று நகரசபைக்குப் போகுமாம். புதுக் கடைகளுக்கு இடம் தேடுகிறவர்கள் பச்சையை விட்டுவிட்டுத்தான் பார்ப்பார்களாம்.

குளத்தடி பச்சை... சரி. பழைய பாஸ் கந்தோருக்கு முன்னால் உள்ள வெறுங்காணியில் மட்டும் ஒரு சாம்பல் கோடு. அதில் றோட்டும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஒரு மாணவி தட்டினாள். ‘வேலி’ என்று வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆர் பிள்ளை உதை வேலி எண்டது?”

“பூவரசங் கதியால் ஐயா. நேர்கோட்டிலை நிக்குது. வேலி இல்லாமல் வேறை என்ன?”

அவளில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் பூவரசந் தடியை வரிசையாக ஊன்றியிருந்தால் எவரும் வேலியென்றுதான் சொல்வார்கள். ஆனால் நான் ஊன்றியது காணியின் எல்லையைப் பார்த்து அல்ல... ஆட்கள் நின்ற வரிசையைப் பார்த்து!

தொண்ணூறுகளின் தொடக்கம். பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்த நகரத்தில் தங்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. அதை எடுக்க விடியப் போய் வரிசையில் நின்றால் பின்னேரம்வரை வெயில். ஆலைக்குப் போகும் வழியில் பார்த்துக்கொண்டே போவேன். ஒருநாள் லொறியில் கதியால் ஏற்றி வந்து, வரிசையை ஒட்டியே ஊன்றத் தொடங்கினேன்.

“என்ன அண்ணை, எங்களை வேலியடைச்சு மறிக்கப்போறியளோ?” என்றது வரிசையில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரிசையில் சிரிப்பை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தண்ணீர் ஊற்றியது யார்? நின்றவர்கள்தான். போத்தலில் மிஞ்சியதை அடியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். மரம் தழைத்த பிறகு, பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினார்கள். அந்த நிழலில் ஒரு கலியாணம்கூடப் பேசி முடிந்தது. எத்தனை முகங்கள்... எங்கே இருக்கிறார்களோ. கந்தோர் இடம் மாறியது. வரிசையும் கூடவே போனது. மரத்துக்குக் கால் இல்லையே!

இதையெல்லாம் எழும்பி நின்று சொன்னேன். பின்னாலிருந்து ஒரு தாய் குரல் கொடுத்தார்.

“ஓம் டீச்சர், நானும் அதிலை நிண்டனான். காலமை நல்ல நிழல். மத்தியானத்துக்குப் பிறகுதான் வெய்யில் மண்டையைப் பிளக்கும். அண்ணை மற்றப் பக்கமும் நட்டிருக்கலாம்.”

மற்றப் பக்கம் கந்தோரின் முட்கம்பி! அதற்குள் தடியோடு போயிருந்தால், இந்தப் பத்தியை யார் எழுதுவது?

டீச்சர் சிரித்துக்கொண்டே மௌஸை அசைத்தார். சாம்பல் கோடு பச்சையானது. ‘வேலி’ அழிந்து ‘பொது நிழல்’ என்று விழுந்தது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

“நட்ட ஆளின்ரை பேர்?”

“வரைபடத்திலை ஆட்களின்ரை பேர் போடுறேல்லை ஐயா.”

அப்படியா? றோட்டுகளுக்கெல்லாம் யாருடைய பெயராம்? பிரதி இன்னும் நகரசபைக்குப் போகவில்லை. அந்தக் கோட்டுக்கு மேலே வெற்றிடம் இருக்கிறது டீச்சர், நான் பார்த்துவிட்டேன். போடுங்கோ — முதலெழுத்தோடு!