சுடுதண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கையெழுத்து

பாதி வருஷம் குழாயைத் திறந்தாலே சுடுதண்ணீர் கொட்டுகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில், சிறுமலை அடிவாரத்துத் தென்னந்தோப்புக்கு நடுவே ரிசார்ட் கட்டி, வட்டமாக ஒரு தொட்டி வைத்து, சுடுதண்ணீரைக் கொப்பளிக்க விட்டு அதற்குள் ஆட்களை உட்கார வைக்கிறார்கள் என்று அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவளுக்குக் கல்யாண நாள். பொங்கல் விடுமுறையும் சேர்ந்து வந்ததால் கணவர், இரண்டு பையன்கள் என்று அவள் குடும்பத்தோடு என்னையும் என் மகளையும் இரண்டு நாள் அங்கே தங்கக் கூப்பிட்டிருந்தாள். என் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

தொட்டியின் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் இறங்கக் கூடாதாம். படித்ததும் எரிச்சல் வந்தது. கூடாது என்றால் கூடாது என்று எழுத வேண்டியதுதானே. நான் கையெழுத்துப் போட்டால் தண்ணீர் ஆறிவிடுமா?

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்து, தலையில் இரண்டாவது சொம்பு சுடுதண்ணீர் ஊற்றினேன். பிள்ளையின் கண் ஒரு பக்கமாகச் செருகி, வாய் கோணி, உடம்பு விறைத்துப் போனது. வழுக்குகிற எண்ணெய் உடம்போடு வாரி எடுத்துக்கொண்டு ஓடினோம். சுடுதண்ணீர் தலையில் பட்டால் சில பேருக்கு இப்படி வலிப்பு வரும், நம் பக்கத்தில் இது இருக்கிறதுதான் என்றார் டாக்டர். வெதுவெதுப்புக்கு மேல் தண்ணீர் காட்டாதீர்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த மாத்திரையைக் கொடுத்தோம். ஒரு தடவைகூடத் திரும்ப வரவில்லை என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ரிசார்ட்டுக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்னால்தான் நிறுத்தியிருந்தார்கள்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாததல்ல. அந்தத் தீபாவளி அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையை மடியில் வைத்திருந்ததே அவள்தான்.

நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். ரிசார்ட்டில் தங்கிய ஒரு நாள், விடுமுறை முடிந்து மில்லுக்கு ஆட்கள் திரும்புகிற நாளாகிவிட்டது, அரைநாளாவது வரச் சொல்லிவிட்டார்கள். வேலை நேரத்தில் மில்லை விட்டு யார் வெளியே போனாலும் கேட் பாஸில் என் கையெழுத்து வேண்டும். நான் ரிசார்ட்டிலிருந்து கிளம்பும்போது அக்காவிடம் தொட்டியைக் காட்டிச் சொன்னேன்.

"அக்கா, இதுல மட்டும் எறக்கிறாத."

"எனக்குத் தெரியாதாடி? நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

நானும் போய்விட்டேன். அவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்து வாழ்ந்தே பழகியவள் நான்.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது மகள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். "ஆடிக் களைச்சுப் போயி படுத்துட்டா. எழுப்பாத" என்றாள் அக்கா. அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். அந்தத் தீபாவளி அன்று வலிப்பு வந்து போன பிறகும் பிள்ளை இப்படித்தான் தூங்கினாள் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. நான் போர்வையை இழுத்துவிட்டு, "ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டாளாக்கா?" என்று கேட்டு, அக்காவுக்கு நன்றி வேறு சொன்னேன். இப்போதும் என்னால் தாங்க முடியாத இடம் அந்த நன்றிதான்.

மூன்றாம் நாள் ஆபீஸில் இருந்தபோது ஒரு பெண் போன் செய்தாள். ரிசார்ட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். மரியாதையான குரல்.

"பாப்பா இப்ப எப்படி இருக்காங்க மேடம்? அன்னைக்கு ஹாட் டப்ல ஃபிட்ஸ் மாதிரி வந்துச்சுல்ல, அதான் கேக்கலாம்னு."

நம்பர் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்றேன். அவள் என் பெயரைச் சொன்னாள். மகள் பெயரையும் சொன்னாள்.

"நான் கையெழுத்துப் போடலையேம்மா."

"போட்டிருக்கீங்களே மேடம். ஃபார்ம் என் கையிலதான் இருக்கு, உங்க நம்பரோட."

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினாள். தாய் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்து. முதல் எழுத்தின் சுழி, கடைசியில் கீழே இழுக்கிற கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. ஒரு நிமிஷம் நானேதான் போட்டுவிட்டு மறந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. குழந்தைக்கு உடல்நலக் குறைவு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தது. அந்த 'இல்லை'யில் அக்காவின் எழுத்து தெரிந்தது.

ஆறாம் வகுப்பில் நான் கணக்கில் ஃபெயில். அப்பாவிடம் மார்க் அட்டையை நீட்டினால் முதுகு பழுத்துவிடும். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்கா பழைய நோட்டின் பின்பக்கத்தில் நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாவது தடவை அட்டையிலேயே அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். டீச்சருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அப்பாவே அவ்வளவு திருத்தமாகப் போடமாட்டார். சாகும்வரை அவருக்கு அது தெரியாது. கல்யாணமான பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். என் கையெழுத்தும் அவளுக்கு வரும். வீட்டில் நான் இல்லாத நேரம் கூரியர் வந்தால் போட்டு வாங்கி வைக்கச் சொன்னதே நான்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளிடம் கேட்டேன்.

"அண்ணனுங்க ரெண்டு பேரும் மக்குல மோந்து தலையில ஊத்தி வெளையாண்டாங்க. எனக்கும் ஊத்தினாங்க. அப்பறம் தெரியலம்மா. கண்ணு முழிச்சப்ப அங்க வேலை பாக்குற அக்கா என்னைய தொடச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"பெரியம்மா சொல்ல வேணாம்னு சொன்னாங்க. சொன்னா நீ அழுவியாம்."

எட்டு வயதுப் பிள்ளை மூன்று நாள் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். அந்த மூன்று நாளும் நான் மாத்திரை கொடுக்கவில்லை. மொட்டை மாடிக்குத் தனியாக விளையாட அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுக்கவில்லை.

"போட்டேன்டி. பயலுக ரெண்டு பேரும் உள்ள கெடந்து கும்மாளம் போடுறாங்கெ. உன் பிள்ளை கரையில நின்னு ஏக்கமாப் பாக்குது. எனக்கு மனசு கேக்கல. தலையில படாமப் பாத்துக்கிறலாம், செத்த நேரந்தானேன்னு நெனச்சேன். பயலுக ஊத்துவாங்கென்னு எனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சரி, வலிப்பு வந்ததையாவது சொல்லியிருக்கலாம்லக்கா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொன்னா, இனிமே எங்கிட்டப் பிள்ளைய விடுவியா நீ?"

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எங்களுக்குள் இப்படி நடந்ததே இல்லை, ஒருத்தி அழுதால் அடுத்தவளும் சேர்ந்து அழுதுதான் பழக்கம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டர் திட்டினார். என்னைத்தான் திட்டினார், எதிரே உட்கார்ந்திருந்தது நான்தானே. மறுபடி முதலிலிருந்து மாத்திரை. இன்னும் இரண்டு வருஷம் என்றார்.

விஷயம் எப்படியோ கசிந்து சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தது. ரிசார்ட் தொட்டியில் பிள்ளைகளை இறக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் பட்டிமன்றமே நடத்தினார்கள். பச்சைப் பிள்ளைக்கே சுடச்சுட ஊற்றித்தானே குளிப்பாட்டினோம் என்றார் ஒருவர். ரிசார்ட்காரன் மேல் கேஸ் போடு என்றார் இன்னொருவர். பிள்ளைகளை அதில் இறக்கவே கூடாது என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. நல்ல உடம்புக்காரப் பிள்ளைக்குக்கூட அந்தச் சூடு ஆகாது. ஆனால் ரிசார்ட்காரன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவன் அம்மாவின் கையெழுத்து கேட்டான், அவனுக்கு அம்மாவின் கையெழுத்து கிடைத்தது. மூன்றாம் நாள் ஞாபகம் வைத்துப் பிள்ளையை விசாரித்ததும் அவனிடம் வேலை பார்க்கிற பெண்தான்.

நான் கையெழுத்தை மாற்றிக்கொண்டேன். சுழி இல்லை, கோடு இல்லை, புள்ளியும் இல்லை. முதல் நாள் கேட் பாஸோடு போன பெண்ணை செக்யூரிட்டி அண்ணன் வெளியே விடாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்தார். "மேடம், இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே?" என்னுடையதுதான் அண்ணே, விடுங்க என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் மகள் ஒரு படிவம் கொண்டுவந்தாள். வருஷா வருஷம் வருவதுதான். அவசரத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல, பெற்றோர் தவிர யாருக்கு அனுமதி என்று ஒரு கட்டம் இருக்கும். எல்.கே.ஜி.யிலிருந்து அதில் அக்காவின் பெயரை யோசிக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை மற்றதையெல்லாம் நிரப்பி, புதுக் கையெழுத்தைப் போட்டு, அந்தக் கட்டத்தை அப்படியே விட்டு அனுப்பினேன்.

மறுநாள் மகள் படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். காலிக் கட்டத்தைச் சுற்றி டீச்சர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"யாராச்சும் ஒருத்தர் பேரு எழுதணுமாம்மா" என்றாள்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.