கப்பல் ஏறாத பெட்டி

எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் என் பெயரும் நாகப்பட்டினம் என்ற ஊர்ப்பெயரும் என் கணவரின் கையெழுத்தில் வெள்ளைச் சாயத்தில் இருக்கின்றன. மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக அவளுடைய பிறப்புப் பத்திரத்தை எடுக்க இந்த வாரம் அதைத் திறந்தேன். பத்திரம் அங்கேதான் இருக்கும் என்று தெரிந்தும் ஒரே காலையில் மூன்று முறை திறந்து பார்த்தேன். நான் அப்படிப்பட்டவள். ஒவ்வொரு முறை மூடியை இறக்கும்போதும் பத்தாம் லயத்து அக்காவின் நினைவு வந்தது.

மலாயாவில், மலாக்கா மாநிலத்து ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்தார். மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. தோட்டத்தைச் சுற்றிய முள்வேலி துருப்பிடித்து நின்றது. வாசலில் ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கேட்பதும் நிற்கவில்லை. நான் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு ஆண்டுகள். அப்போது ஆறாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும் என்று அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியிருந்தார். கப்பலுக்கு இடம் பதிவாகியிருந்தது. பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து, மடித்து, பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன்.

குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லி அரசாங்கம் அறிவித்திருந்த காலம் அது. நான் படித்தவள் என்பதால் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் அச்சடித்த மனுப் பாரங்களைத் தூக்கிக்கொண்டு என் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். பத்தாம் லயத்து அக்காவும் அப்படித்தான் வந்தார். ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடித்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு. அவருக்கு நான்கு பிள்ளைகள். இளையவர்கள் மூவரும் மலாக்கா மண்ணில் பிறந்தவர்கள். அவர்களுக்கு மனுவே தேவையில்லை. மூத்த மகள்தான் கவலை. ஜப்பான்காரன் போய்க் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும், தலைப்பிரசவத்துக்கு என்று அக்கா ஊருக்குப் போயிருக்கிறார். அங்கே பெற்று, எட்டு மாதம் இருந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. தனியாக ஐ.சி. எடுத்தாக வேண்டும். தம்பி தங்கைகளுக்கு இருக்கும் நாடு அவளுக்கு மட்டும் இல்லாமல் போய்விடுமோ என்று அக்கா பயந்தார்.

லயத்தில் எல்லாரும் ஒரே வழியைத்தான் சொல்லியிருந்தார்கள். பிறந்தது தோட்டத்தில், போர் முடிந்த குழப்பத்தில் பதியாமல் விட்டுப்போனது என்று எழுதிவிடுவது. அப்படி நிஜமாகவே விட்டுப்போன பிள்ளைகளும் நிறைய இருந்ததால் நம்பும்படியாகத்தான் இருந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினேன். “போடுங்க சின்னக் கிராணியம்மா. ஆபீசர் என்ன, கப்பல்ல கூட வந்து பிரசவமா பாத்தாரு?” என்றார் அக்கா. சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் பிறந்த இடம் ரெம்பியா என்று எழுதியும்விட்டேன். அவர் போன பிறகுதான் பயம் பிடித்தது. கப்பலில் வந்ததற்கு எங்காவது ஒரு பதிவு இருக்காதா? என் கையெழுத்தைப் பார்த்து என் கணவரைக் கேட்டால்? அவரிடம் சொல்லவும் இல்லை, கிழித்துப்போடவும் இல்லை.

அலோர் காஜா பதிவு அலுவலகத்துக்குத் துணையாக நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இளவயது மலாய் அதிகாரி. பாரத்தைப் படித்தார். எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லவேண்டும் என்றார். அக்கா கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சான பாசார் மலாயில், இவள் இங்கே பிறக்கவில்லை துவான், இந்தியாவில் பிறந்தாள், முதல் பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் என்று சொல்லிவிட்டார். இதை யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார்.  அக்கா முந்திக்கொண்டு, நான் சொல்லித்தான் இவர் எழுதினார், தப்பு என்னுடையது என்றார்.

 அதிகாரி, தன் மனைவியும் முதல் பிரசவத்துக்காக மெர்லிமாவில் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்றார். உங்கள் அம்மா வீடு கொஞ்சம் தூரமாகப் போய்விட்டது, அவ்வளவுதான் என்றார். பொய்யை எழுதி வாங்கும் பத்திரத்தை என்றைக்கு வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ள முடியும் என்று எச்சரித்து, அந்தப் பாரத்தின் குறுக்கே கோடு போட்டார். முதலில் தகப்பன் மனுப் போடட்டும். அவருக்குக் கிடைத்ததும் வயது வராத மகளை அவர் பெயரைக் காட்டிப் பதியலாம். நாளாகும், ஆனால் நிலைக்கும் என்று விளக்கிப் புதுப் பாரங்களைக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில், கடைசி நொடியில் ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்டேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “இந்தப் பிள்ளைய எங்கம்மாதான் கையில வாங்குனாங்க. அவங்களும் இப்ப இல்ல. அத இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல” என்றார்.

என் பெட்டியைப் பற்றி அவருக்குத் தெரியும். நான் போகலாமா என்று கேட்டேன். என் கணவரின் மனுவே அப்போது முடியாமல் கிடந்தது. அங்கே பிறந்தால் என் பிள்ளையும் ஒருநாள் யாரோ ஒருவர் மேசைக்கு முன்னால் நிற்கவேண்டியிருக்கும். “அத நான் எப்படிம்மா சொல்றது? இந்தப் பாரமெல்லாம் அப்பவே இருந்திருந்தாலும் நான் போய்த்தான் இருப்பேன்லா” என்றார். போகாதே என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாராவது ஒருவர் மீது பழி போடலாம்.

கப்பல் இடத்தை ரத்து செய்யச் சொல்லி அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். பாரத்தில் பொய் எழுதியதையும் சொன்னேன். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை மட்டும் நாலு தடவை கிழித்து எழுதினேன். அலோர் காஜா ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். தாய்வீட்டுக்குப் போகவில்லை என்றால் தாய்வீட்டு வேலையை யாராவது செய்யத்தானே வேண்டும் என்று அக்கா பால்வெட்டு முடித்த கையோடு வந்து பூண்டு உரித்து, பிள்ளைபெற்ற மருந்து கிளறி, சுறாப்புட்டு செய்து போட்டார். குழந்தையை முதன்முதலில் குளிப்பாட்டியதும் அவர்தான்.

அக்காவின் மகளுக்குப் பத்திரம் கிடைக்க ஓராண்டுக்கும் மேல் ஆனது. அதை எனக்குக் காட்டவென்றே அக்கா, கணவர், மகள் மூவரும் வந்தார்கள். தகப்பன் புதுச் சட்டை போட்டிருந்தார். இன்று அவள் மலாக்காவில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள்; சட்டைப் பையில் குடியுரிமைக்கான நீல ஐ.சி. வைத்திருக்கிறாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அக்கா குடும்பம் மெர்லிமாவ் பக்கம் போய்விட்டது.

என் அம்மா பேத்தியைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறார். நான் செய்தது சரியா என்று இன்றும் சில நாட்களில் என்னையே கேட்டுக்கொள்வேன். நேற்றுப் பள்ளியில் மகள் எங்கே பிறந்தாள் என்று ஆசிரியை கேட்டபோது மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. அலோர் காஜா என்று ஒரே மூச்சில் சொல்லிப் பத்திரத்தை நீட்டினேன். வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியில், அன்று குழந்தைக்கென்று கிழித்து வைத்து மிஞ்சிய வேட்டித் துணிகளின் மேல் வைத்தேன். மூடியைச் சாத்தினேன். மறுபடி திறந்து பார்க்கவில்லை.