ஒரு தட்டு, ரெண்டு தட்டு

திருமானூர் உத்திராபதி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாசியில் அரியலூர் போகப் பஸ் ஏறியவர், ஏதோ யோசனையில் டிரைவர் சீட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். டீ குடித்துவிட்டு வந்த டிரைவர், டிப்போவில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்போல என்று கீழேயே நின்றுகொண்டார். ஜனங்களும் "வண்டி எப்பங்க எடுப்பீங்க?" என்று இவரைத்தான் கேட்டார்கள்.

சேதி கேட்ட மருமகள் பிரவீணா அவரை டாக்டர் நர்மதாவிடம் கூட்டிப்போனாள். வயதானவர்களுக்குக் கவனம் எப்படி இருக்கிறது என்று சோதிக்கிறவர் அவர்.

"ஐயா, நான் மேசைய ஒரு தடவ தட்டுனா நீங்க ரெண்டு தடவ தட்டணும். நான் ரெண்டு தடவ தட்டுனா சும்மா இருக்கணும்."

"இதென்னங்க பெரிய விஷயம்!"

டாக்டர் ரெண்டு தட்டு தட்டினார். உத்திராபதியின் இடது கால் கிளட்சை மிதித்தது. கை கியர் போட்டது. தண்ணீர் பாட்டில் உருண்டது. காலமெல்லாம் கண்டக்டரின் ரெண்டு விசிலுக்கு வண்டியை எடுத்து, ஒரு விசிலுக்கு நிறுத்தியவராயிற்றே! ஒரு தட்டுக்கு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கவனம் நல்லாத்தாங்க இருக்கு. பழக்கத்த அடக்கத்தான் வரல. ஆடியில மறுபடி பாப்போம்" என்றார் டாக்டர்.

உத்திராபதிக்கு மானம் போய்விட்டது. கூட ஓடிய பழைய கண்டக்டர் கண்ணையனை வரவழைத்து, தகர டப்பாவைத் தட்டச் சொல்லி விடாமல் பழகினார். யாராவது கதவை ஒரு தடவை தட்டினால் உள்ளேயிருந்து ரெண்டு தட்டுவார். ரெண்டு தடவை தட்டினால் திறக்கவே மாட்டார். கேஸ் சிலிண்டர்காரர் திரும்பிப் போனார்.

ஆடியில் ஒரு பிசகும் இல்லை. டாக்டரே கை கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கீழப்பழுவூரில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். உத்திராபதியின் கை பஸ் தகரத்தில் ரெண்டு தட்டு தட்டியது. போகலாம் என்கிறார்கள் என்று டிரைவர் நிறுத்தாமலே விட்டார். மறுபடி ஒரு விசில். மறுபடி ரெண்டு தட்டு.

"மாமா, கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க!" என்று பிரவீணா அவர் கைகளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வண்டி நின்றது.

கீழப்பழுவூரில் இறங்கவேண்டிய பச்சையம்மாள் என்கிற காய்க்காரி கத்திரிக்காய்க் கூடையோடு திட்டிக்கொண்டே இறங்கினாள். உத்திராபதிக்கு மனசு கேட்கவில்லை. தானும் இறங்கி, கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அவளோடு திரும்பி நடந்தார். பிரவீணா தலையில் அடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"எங்க போயிட்டு வரீங்க?" என்று கோபம் தணிந்து கேட்டாள் பச்சையம்மாள்.

"மூளை சரியா இருக்கான்னு பாத்துட்டு வரேன்."

"என்ன சொன்னாங்க?"

"பாஸுன்னுட்டாங்க."

பச்சையம்மாள் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.